ஞாயிற்றுக்கிழமையும் நடுங்கிய லைன்

அந்தக் கம்பெனியில் நான் சேர்ந்த மறு வருஷம், எங்கள் பனியனை வாங்கும் வெளிநாட்டு பையர் பேசும் நேரம் பார்த்து போன் திக்க ஆரம்பித்தது. இரண்டாயிரத்துக்கு அப்புறம், திருப்பூரில் எல்லோரும் பனியனோடு சேர்த்து கம்ப்யூட்டரையும் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த காலம். தலைமை ஆபீஸ் திருப்பூர் ராயபுரத்தில், தைக்கிற யூனிட் வேலம்பாளையத்தில். இரண்டுக்கும் நடுவே ஒரு லீஸ்டு லைன், எங்களுக்கென்று தனியாக வாடகைக்கு எடுத்தது. கம்ப்யூட்டர் வேலையும் அதில்தான் போகும், போன் பேச்சும் அதில்தான் போகும்.

ஐரோப்பாவிலிருந்து பையர் சாயங்காலம் கூப்பிடுவார். முதலாளி தன் அறையில் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, யூனிட்டில் இருக்கும் புரொடக்‌ஷன் மேனேஜரையும் அந்தப் பேச்சில் சேர்த்துக்கொள்வார். யூனிட்டிலிருந்து வரும் குரல்தான் உடைந்தது. பாதி வார்த்தை வரும், மீதியைக் காணோம். ஒரு நாள் பையர், நேவி கலர் துணி என்ன ஆயிற்று என்று கேட்டார். புரொடக்‌ஷன் மேனேஜர் இங்கிலீஷில், ஷேடு ஓகே இல்லை என்று சொன்னார். அந்த ‘இல்லை’ வழியிலேயே எங்கேயோ விழுந்துவிட்டது. ‘ஷேடு ஓகே’ மட்டும் வந்து சேர்ந்தது. வெட்டச் சொல்லிவிட்டார் பையர். பையரே சொல்லிவிட்டாரே என்று யூனிட்டில் வெட்டிவிட்டார்கள்.

மறுநாள் முதலாளி எங்களைக் கூப்பிட்டார். எங்களை என்றால், சிஸ்டம்ஸ் மேனேஜரையும் என்னையும். ஆபீஸில் நெட்வொர்க் பார்க்க நாங்கள் இரண்டு பேர்தான். மேனேஜர் நல்ல மனுஷர், ஆனால் யாராவது சத்தமாகக் கதவைச் சாத்தினால்கூட மன்னிப்புக் கேட்கிற ரகம்.

“அம்மிணி, இதுக்கு ஒரு முடிவு கட்டுங்க” என்றார் முதலாளி என்னைப் பார்த்து. “லைன் நல்லா இருக்குதுன்னு அவனுங்க சொல்றானுங்க. நல்லா இருந்தா எனக்கு ஏனுங்க கேக்க மாட்டேங்குது?”

லைன் கொடுத்த நிறுவனத்து ஆள் ஏற்கெனவே வந்து, ஒரு பெட்டியை மாட்டிப் பார்த்து, சுத்தமாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அவர் பார்த்தது மத்தியானச் சாப்பாட்டு நேரம். மத்தியானம் சுத்தமாகத்தான் இருந்தது.

எனக்கு ஒரு நேரத்தில் பார்த்துச் சொல்வதில் நம்பிக்கை இல்லை. எங்கள் ராயபுரம் ரவுட்டரிலேயே ஒரு சோதனையைப் போட்டேன். ஒன்றும் பெரிய வித்தை இல்லை. இந்த ரவுட்டர் ஒரு நிமிஷத்துக்கு ஒரு தரம் குட்டிக் குட்டித் தகவல் பாக்கெட்டுகளை, போன் பேச்சு போலவே சீரான இடைவெளியில் அனுப்பும். வேலம்பாளையத்து ரவுட்டர் வாங்கிக்கொண்டு திருப்பி அனுப்பும். உள்ளே யார் பேச்சும் இருக்காது, வெறும் பாக்கெட்தான். போய்வர எவ்வளவு நேரம், வழியில் எத்தனை தொலைந்தன, சீராகக் கிளம்பியவை சீராக வந்தனவா, முன்னும் பின்னும் தள்ளாடிக்கொண்டு வந்தனவா என்று கணக்கு வரும். அந்தத் தள்ளாட்டத்தை நாங்கள் ஜிட்டர் என்போம். நான் எனக்குள் நடுக்கம் என்று சொல்லிக்கொள்வேன். அதை ஒரு கோடாகத் திரையில் வரைய வைத்தேன்.

பகல் முழுக்கக் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. சாயங்காலம் ஷிப்ட் விடும் நேரத்தில் எழுந்து ஆட ஆரம்பித்தது. இருட்டும்வரை ஆடிவிட்டு அடங்கியது. மறுநாளும் அப்படியே.

முதலில் கம்பியைத்தான் சந்தேகப்பட்டோம். யூனிட்டுக்குப் போகிற வழியில், சாக்கடையை ஒட்டி ரோட்டுக்கடியில் ஒரு ஜாயிண்ட் இருந்தது. சாயங்காலம் சாயப்பட்டறைக்காரர்கள் தண்ணீர் திறந்துவிடுவதால் அது நனைகிறதோ என்று ஒரு எண்ணம். லைன்காரரோடு நானும் போனேன். சிமெண்ட் மூடியைத் தூக்கியதும் முகத்தில் அறைந்த நாற்றம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. குழிக்குள் ஊதாவும் சிவப்புமாகத் தண்ணீர், மேலே எண்ணெய்ப் படலம், ஓரத்தில் உப்பிப்போன ஒரு பெருச்சாளி. அவர் உள்ளே இறங்கி ஜாயிண்டைத் தூக்கிக் கொடுக்க, நான் பிடித்துக்கொண்டேன். வழுவழுவென்று ஏதோ விரலிடுக்கில் ஒட்டியது. வீட்டுக்குப் போய் சோப்பைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன், சாப்பிடக் கையைக் கொண்டுபோனால் அந்த நாற்றமே முன்னால் வந்தது. திருப்பூரில் இதைவிடக் கேவலமாக எதையும் நான் தொடப்போவதில்லை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

ஜாயிண்டை மாற்றிய பிறகும் கோடு சாயங்காலம் ஆடியது.

அப்புறம்தான் நான் ஒன்றைக் கவனித்தேன். சோதனை ஞாயிற்றுக்கிழமையும் ஓடும், அதற்கு லீவு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை யூனிட் மூடியிருக்கும், ஆபீஸும் மூடியிருக்கும். லைனில் போகிறவர் வருகிறவர் யாரும் இல்லை. அன்றைக்குக் கோடு செத்த பாம்பு மாதிரி கிடக்க வேண்டும். கிடக்கவில்லை. காலை முழுக்க, மற்ற நாளைவிட மோசமாக ஆடியிருந்தது. போன வாரத்து ஞாயிறும் அப்படி, அதற்கு முந்தின ஞாயிறும் அப்படி.

இன்னொன்றும் தெரிந்தது. சோதனை இரண்டு திசையையும் தனித்தனியாகச் சொல்லும். ராயபுரத்திலிருந்து போகும்போது பாக்கெட் ஒழுங்காகப் போகிறது. வேலம்பாளையத்திலிருந்து வரும்போதுதான் தள்ளாடுகிறது. அங்கிருந்து எதுவோ ஒன்று பெரிய மூட்டையாக இங்கே வந்துகொண்டிருக்கிறது, அதனிடையில் மாட்டிக்கொண்டு குரல் நசுங்குகிறது. கம்பியில் கோளாறு இல்லை.

அடுத்த ஞாயிறு காலை நானே ஆபீஸுக்குப் போனேன். வாசலில் வாட்ச்மேன் ஆச்சரியமாகப் பார்த்தார்.

“லீவு நாளுங்களே” என்றார். “பர்சனல் மேனேஜர் சார் மட்டும்தானுங்க ஞாயித்துக்கெழம வருவாரு. இப்பத்தான் மேல போனாரு.”

பர்சனல் மேனேஜரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பதைத் தாண்டியவர். ஆள் எடுப்பது, ஹாஸ்டல், கேண்டீன் எல்லாம் அவர் பொறுப்பு. எப்போதும் வெள்ளைச் சட்டை. பெரியவர்களை சாமி என்பார், எங்களைக் கண்ணு என்பார். யாரிடமும் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. மேஜையில் ஒரு கடலை மிட்டாய் டப்பா இருக்கும், போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் எடுத்து நீட்டுவார். ஞாயிற்றுக்கிழமைகூட வந்து வேலை பார்க்கிறவர் என்று முதலாளி அவரை உதாரணம் காட்டுவார்.

மாடிப்படியில் ஏறும்போதே அவர் எதிரே வந்தார். கையில் பிளாஸ்க்.

“ஏனுங்க கண்ணு, இன்னைக்குமா வேல?” என்றார். “லைனுக்குங்களா? பாவம். ஊட்டுல ஒரு நாளாவது ரெஸ்ட் எடுக்கோணுமல்லங்க.” உள்ளே போய் டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினார். ஒன்று எடுத்து வாயில் போட்டுக்கொண்டு என் இடத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஏசி ஓடும் சத்தம் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் கோடு எழுந்தது.

ரவுட்டருக்குள் போய், இப்போது லைனை நிறைத்துக்கொண்டிருப்பது யார் என்று பார்த்தேன். இரண்டே முனை. வேலம்பாளையத்தில் எங்கள் பட்டியலிலேயே இல்லாத ஒரு கருவி அனுப்புகிறது. ராயபுரத்தில் வாங்கிக்கொள்வது, எனக்கு எதிர்ச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் பர்சனல் மேனேஜருடைய கம்ப்யூட்டர்.

அப்போதும் எனக்குத் தவறாக ஒன்றும் தோன்றவில்லை. ஏதோ ஆள் வருகை விவரம், பெரிய கோப்பு என்றுதான் நினைத்தேன். அந்தக் கருவியின் எண்ணை பிரவுசரில் அடித்தேன். கடவுச்சொல் கேட்டது. இந்த மாதிரிப் பெட்டிகளில் கடையிலிருந்து வரும்போதே இருக்கிற சொல்லைப் போட்டேன், திறந்துகொண்டது.

ஒரு கேமரா. மேலேயிருந்து கீழே பார்க்கிற கோணம். சிமெண்ட் தொட்டி, அதன் விளிம்பில் பிளாஸ்டிக் மக்குகள், ஈரத் தரை. ஒரு பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்து தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். குளிக்கிறாள் என்று எனக்குப் புரிந்ததும் மூடிவிட்டேன்.

திரையில் என் கோடு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஏசி. வாயில் கடலை மிட்டாய் பாகாகக் கரைந்துகொண்டிருந்தது. பாத்ரூமுக்குப் போய்த் துப்பினேன், கொப்பளித்தேன், விரலை விட்டுப் பல்லிடுக்கைத் தேய்த்தேன்.  

அந்தக் கதவைத் திறந்து உள்ளே போயிருக்கலாம் என்று பின்னால் பல பேர் சொன்னார்கள். அந்த மாடியில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். எனக்குக் கால் அந்தப் பக்கம் போகவில்லை. படி இறங்கி, பஸ் பிடித்து, வேலம்பாளையம் போனேன்.

ஹாஸ்டல் யூனிட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. தெற்கத்தி மாவட்டங்களிலிருந்து வந்த பெண்கள். டெய்லர், செக்கிங், பேக்கிங் என்று எல்லாப் பிரிவிலும் வேலை செய்கிறவர்கள். எங்கள் குடும்பமும் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்ததுதான். அப்பா கட்டிங்கில் நின்று என்னைப் படிக்க வைத்தார். அதனால் அந்தப் பெண்களோடு எனக்குக் கொஞ்சம் பேச்சு உண்டு.

வார்டனம்மாவிடம், லைனில் கோளாறு, வயர் பார்க்க வேண்டும் என்றேன். விட்டார். சுவரோரமாகப் போன வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். அது வராந்தாவைத் தாண்டி, பின்பக்கத்துக் குளிக்கிற இடத்துக்குள் போயிற்று. நாலு பக்கமும் சுவர், மேலே கூரை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் எல்லோருக்கும் தலைக்குளியல். கூட்டமாக இருந்தார்கள். நான் நினைத்ததுபோல யாரும் அரைகுறை உடையோடு இல்லை. எல்லோருமே பாவாடையை நெஞ்சுக்கு மேல் ஏற்றிக் கட்டி, அதற்கு மேல் ஒரு துண்டையும் போர்த்திக்கொண்டு குளித்தார்கள். சிலர் நைட்டியோடு. சோப்பை உள்ளே விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

கேமரா மூலையில், தண்ணீர் டேங்க்குக்குக் கீழே இருந்தது. நான் என் துப்பட்டாவை உருவி அதன் மேல் எறியப் போனேன்.

“வேண்டாம்க்கா” என்று ஒரு பெண் தடுத்தாள். செக்கிங்கில் வேலை பார்க்கிறவள், ஊர் எங்கள் பக்கம். கல்யாணம் ஆகி, புருஷன் விட்டுவிட்டுப் போனவள் என்று கேள்விப்பட்டிருந்தேன். “நாங்களும் போட்டுப் பாத்துட்டோம். அஞ்சு நிமிசத்துல வார்டனுக்குப் போன் வரும். வந்து எடுத்துட்டு, எவ போட்டான்னு கேப்பாவ.”

“இது எதுக்குன்னு தெரியுமா?”

“மோட்டாரத் திருடிருவாவளாம், அதுக்கு வச்சிருக்குன்னு சொன்னாவ. மோட்டார் அந்தப் பக்கம் ரூம்ல பூட்டிக் கெடக்கு.” அவள் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. “துண்டு போட்டா போன் வருதுன்னா, எவனோ ஒக்காந்து பாக்கான்னுதானக்கா அர்த்தம். எங்களுக்குத் தெரியும்லா.”

“யார்ட்டயும் சொல்லலையா?”

“பர்சனல் மேனேஜர்ட்ட சொன்னோம். பாத்துக்கிடுதேன் கண்ணுன்னு சொன்னாரு.”

நான் வயர் வந்து சேருகிற பெட்டியிடம் போய், அந்த முனையைப் பிடுங்கிப் போட்டேன். வார்டனம்மா பார்த்துக்கொண்டே நின்றார். “ஏனுங்க, சார் கேப்பாருங்களே” என்றார். கேட்கட்டும் என்றேன். வார்டனம்மாவுக்கு எல்லாம் தெரியுமா, ஒன்றுமே தெரியாதா என்று இன்று வரை என்னால் சொல்ல முடியவில்லை. தெரியாத மாதிரி இருக்கப் பழகிவிட்ட முகம் அது.

திங்கட்கிழமை காலை சிஸ்டம்ஸ் மேனேஜரைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு முகம் வெளிறிப்போயிற்று. நெற்றியைத் துடைத்துக்கொண்டார். இரண்டு பெண் குழந்தைகளின் அப்பா. கண்டிப்பாக ஏதாவது செய்வார் என்று நம்பினேன்.

“முதலாளி வரட்டுங்க, நான் பேசிக்கிறேன்” என்றார். “நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். உங்க பேரு எதுக்குங்க இதுல.”

அன்று சாயங்காலம் பையர் பேசினார். குரல் மணி மாதிரி கேட்டது. என் கோடும் ஆடவில்லை. நான் வயரைப் பிடுங்கியதால்தான் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படி. மூன்றாவது நாள் யதேச்சையாக ரவுட்டருக்குள் பார்த்தால், அந்த மூட்டை அதே மாதிரி வேலம்பாளையத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. வயரை மறுபடி சொருகிவிட்டார்கள்.

பிறகு ஏன் கோடு ஆடவில்லை? சிஸ்டம்ஸ் மேனேஜர் இரண்டு ரவுட்டரிலும் ஒரு செட்டிங்கை மாற்றியிருந்தார். குரல் பாக்கெட் வந்தால் அதை முதலில் விடு, மற்றதெல்லாம் அப்புறம். எங்கள் சோதனை பாக்கெட்டுகளும் குரல் வேஷம் போட்டவைதான், அதனால் அவையும் முன்னால் போயின. போன் சுத்தம், சோதனை சுத்தம். கேமரா படம் பின்னாலேயே மெதுவாக, பத்திரமாக வந்து சேர்ந்துகொண்டிருந்தது.

“சார், இது என்ன சார்?” என்று கேட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கீபோர்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். “பர்சனல் மேனேஜர் கேமரா வரலைன்னு என்னக் கூப்பிட்டாருங்க. நான் என்ன சொல்றது? நமக்குக் கொடுத்த வேல போன சரி பண்றது. பண்ணியாச்சு. மத்தது ஆபீஸ் நிர்வாகம், நமக்கு எதுக்குங்க.”

பெருச்சாளி கிடந்த குழியில் கையை விட்டபோதுகூட எனக்கு இப்படி இருக்கவில்லை. அது அழுகினது, அழுகினதாகவே கிடந்தது. இது நன்றாகப் படித்த, நல்ல மனுஷன் ஒருவன் உட்கார்ந்து யோசித்துச் செய்த வேலை. அந்தப் பெண்கள் குளிப்பதும் வரட்டும், பையர் பேசுவதும் வரட்டும், ஒன்றுக்கொன்று இடிக்காமல் வரட்டும் என்று அழகாக வரிசை போட்டுக் கொடுத்திருந்தார். நான் போட்ட சோதனையே அதற்கு நற்சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்தத் தரையோடு கிடக்கும் கோட்டைப் பார்க்கப் பார்க்க அருவருப்பாக இருந்தது. அதை நிறுத்தினேன்.

மறுநாள் முதலாளி பெரிய ஹாலுக்கு ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். ஆர்டர் பார்க்கிற மெர்ச்சண்டைசர்கள், அக்கவுண்ட்ஸ்காரர்கள் எல்லோரும் அங்கேதான் உட்காருவார்கள், அவர்களில் பாதிப் பேர் பெண்கள். பர்சனல் மேனேஜரும் சத்தம் கேட்டுத் தன் அறையிலிருந்து வந்து, ஒரு மைசூர்பாகை எடுத்துக்கொண்டு நின்றார்.

“பையர் சந்தோசப்பட்டுட்டாரு” என்றார் முதலாளி. “என்ன பண்ணுனீங்க அம்மிணி? எல்லாத்துக்கும் சொல்லுங்க.”

“சின்ன செட்டிங்தானுங்க” என்றார் சிஸ்டம்ஸ் மேனேஜர் அவசரமாக.

“லைன்ல இருக்கிற பாரம் அப்படியே இருக்குதுங்க” என்றேன். திருப்பூரில் இத்தனை வருஷம் பேசப் பேச என் நாக்கிலும் அந்த ‘ங்க’ ஒட்டிக்கொண்டிருந்தது. “ஓரமாத் தள்ளி வெச்சிருக்கோம், அவ்வளவுதான். என்ன பாரம்னு சொல்லட்டுங்களா?”

முதலாளி சிரித்துக்கொண்டே சொல்லுங்க என்றார்.

“ஹாஸ்டல்ல பொண்ணுங்க குளிக்கிற எடத்துல ஒரு கேமரா இருக்குதுங்க. சாயங்காலமும் ஞாயித்துக்கெழம காலையிலயும் அது பர்சனல் மேனேஜர் சாரோட கம்ப்யூட்டர்ல ஓடுது. அதுதானுங்க போன நசுக்குனது.”

 பர்சனல் மேனேஜர் மைசூர்பாகை மென்று விழுங்கினார். அவர் குரல் அப்போதும் ஏறவில்லை.

“மோட்டாரு திருட்டுப் போகுதுன்னு வெச்சதுங்க கண்ணு. தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க.”

“மோட்டார் வேற ரூம்ல பூட்டியிருக்குதுங்க. கேமரா தொட்டியத்தான் பாக்குது. நான் போய்ப் பாத்துட்டு வந்தேன். வேணும்னா இப்பவே இந்த ஸ்கிரீன்ல தொறக்கறேன், எல்லாரும் பாக்கட்டுங்களா?”

அவர் வேண்டாம் என்று கையைத்தான் ஆட்டினார். கையில் பாதி மைசூர்பாகு. பக்கத்தில் நின்ற ஒரு மெர்ச்சண்டைசர் பெண் தன் கையிலிருந்த ஸ்வீட்டை டப்பாவுக்குள்ளேயே திரும்ப வைத்தாள். 

முதலாளி எங்கள் மூன்று பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தியதும் அவர் முகம் சிவந்தது. நியாயமான ஒரு கோபத்தை எதிர்பார்த்து நின்றேன்.

“என்ற பையர்கிட்ட நான் அத்தன நாள் அசிங்கப்பட்டது இந்த எழவுக்காகங்களா?” என்றார் பர்சனல் மேனேஜரைப் பார்த்து. “நேவி துணி முச்சூடும் போச்சே, அது இதுக்காகங்களா? பையர் அனுப்பி ஆடிட்டுக்கு வர்றவன் இதப் பாத்திருந்தான்னா கம்பெனி கதி என்னங்க ஆகறது?”

அதற்கப்புறமும் துணியைப் பற்றியும் ஆடிட்டைப் பற்றியும்தான் பேசினார். அந்தப் பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை வருமா என்று காத்திருந்தேன். வரவில்லை. நானே கேட்டேன்.

“ஹாஸ்டல் பொண்ணுங்ககிட்ட என்னங்க சொல்றது?”

“என்ன சொல்றதுங்க அம்மிணி? கழட்டியாச்சுன்னு சொல்லுங்க. ஊதிப் பெருசாக்காதீங்க. நாளைக்கு அதுக பேருதான் கெடும்.”

கேமராவை அன்றைக்கே கழற்றினார்கள். பர்சனல் மேனேஜரை முதலாளியின் சாயப்பட்டறைக்கு மாற்றினார்கள். அதே சம்பளம், அதே கார். போகும்போது ஹாலில் ஒவ்வொரு மேஜையாக வந்து சொல்லிக்கொண்டு போனார். என் மேஜைக்கு வந்தபோது நான் எழுந்து போய்விட்டேன்.

அவருடைய கம்ப்யூட்டரைப் பிரித்து ஹார்டு டிஸ்க்கை நான் எடுத்துக்கொண்டேன். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. அதைக் கையில் வைத்திருப்பதே கூசியது, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டேன். போலீசுக்குப் போகலாம், நானும் கூட வருகிறேன் என்று செக்கிங் பெண்ணிடமும் இன்னும் சிலரிடமும் சொன்னேன். அவர்கள் தங்களுக்குள் பேசிவிட்டு வந்தார்கள்.

“வேண்டாம்க்கா” என்றாள் அவள். “வீட்டுக்குத் தெரிஞ்சா பெட்டியக் கெட்டுன்னு சொல்லிருவாவ. தங்கச்சிக்கு மாப்ள பாத்துட்டிருக்காவ. அந்தப் படம் வேற எவன் கைக்கும் போகாதுல்லா? அது மட்டும் பாத்துக்கிடுங்க.”

அதைப்பற்றி முடிவு எடுக்க வேண்டியவர்கள் அவர்கள்தான், நான் இல்லை. மெயிண்டனன்ஸில் இருந்த ஃபிட்டரிடம் டிஸ்க்கைக் கொடுத்தேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவள் என் பக்கத்தில் நின்றாள். டிரில்லிங் மிஷினில் மாட்டி, அடுத்தடுத்து ஓட்டை போட்டார். கண்ணாடி மாதிரி பளபளப்பான தகடு சுருள் சுருளாகக் கிழிந்து வந்தது. அவள் அதில் ஒரு துண்டைக் குனிந்து எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டு, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

ஹாஸ்டல் முழுக்க ஒரு தரம் சுற்றிப் பார்த்துச் சொல்லுங்கள் என்று அவர்கள் கேட்டார்கள். டார்ச்சை எடுத்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு வயரும் எங்கே போகிறது என்று பார்த்தேன். பல்பு ஹோல்டர், எக்ஸாஸ்ட் ஃபேன், டேங்க்கின் அடி, ஒன்றையும் விடவில்லை. கடைசியில், இனி எதுவும் இல்லை, நிம்மதியாக இருங்கள் என்றேன்.

“சரிக்கா” என்றார்கள்.

அடுத்த வாரம் வேறு வேலையாகப் போனபோது பார்த்தேன். குளிக்கிற இடத்துக்கு மேலே, சுவருக்குச் சுவர் கயிறு கட்டி, பழைய சேலைகளை ஒன்றோடொன்று தைத்துக் கூரை மாதிரி போட்டிருந்தார்கள். டெய்லர்கள் அல்லவா, தையல் மிக நேர்த்தியாக இருந்தது. அதற்குக் கீழேயும் அவர்கள் பாவாடையை ஏற்றிக் கட்டிக்கொண்டுதான் குளித்தார்கள். என் சோதனை எதுவும் அவர்களுக்குப் போதுமானதாக இல்லை, அதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன்.

சில மாதம் கழித்து பையர் நேரில் வருவதாக இருந்தது. யூனிட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், செடித்தொட்டி வாங்கி வைத்தார்கள். முதலாளி சுற்றிப் பார்த்துக்கொண்டே பின்பக்கம் வந்து, மேலே நிமிர்ந்து பார்த்தார். நானும் சிஸ்டம்ஸ் மேனேஜரும் கூட இருந்தோம்.

“என்னங்க இது, குப்ப மாதிரி?” என்று வார்டனம்மாவைக் கேட்டார். “பாக்க அசிங்கமா இருக்குது. நாளைக்குள்ள அவுத்துரச் சொல்லுங்க.”

 ராயபுரம் திரும்பியதும் ராஜினாமாக் கடிதத்தை டைப் செய்து அவர் மேஜையில் வைத்தேன். என்ன குறை, சம்பளம் கூட்டித் தரட்டுமா என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்லும் அளவுக்குக்கூட எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை.

பையர் வந்த அன்று சேலைகள் இல்லை என்று பிறகு அந்தச் செக்கிங் பெண் போனில் சொன்னாள். காலையில் அவிழ்த்து மடித்து வைத்தார்களாம். பையர் கார் கேட்டைத் தாண்டியதும், சாயங்காலக் குளியலுக்கு முன்னால் மறுபடி கட்டிவிட்டார்களாம்.